நீட்டாத கை

"கண்ணாடி, கண்ணாடியப் பாருங்க."

இதில் முதல் கண்ணாடி அவர். இரண்டாவது, காருக்குள் தலைக்கு மேலே தொங்குகிற கண்ணாடி. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் ஊருக்கெல்லாம் அவர் கண்ணாடிக்காரர். கட்டிய மனைவிக்கு அந்தக் 'காரர்' கூட அதிகப்படியாகப் பட்டதோ என்னவோ, வெறும் கண்ணாடிதான். அவர் பதிலுக்கு அவளை மேஜர் என்று கூப்பிடுவார். அது கிண்டல் இல்லை. ராணுவத்தில் அவள் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவள்.

அவர் கழுத்தை எக்கிக் கண்ணாடியைப் பார்த்தார்.

"பாத்தாச்சு."

"என்ன தெரியுது?"

"நம்ம மக தெரியறா. வாசல்ல நின்னு முறைக்கறா."

"அவ முறைப்பா. நீங்க கிளம்புங்க."

ஆனால் மகள் அதற்குள் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். பல் மருத்துவர். அன்று காலை வரவேண்டிய நோயாளிகளையெல்லாம் மறுநாளுக்குத் தள்ளிவிட்டு அம்மாவோடு இருக்கலாம் என்று வந்தவள்.

"அப்பா, இது கொஞ்சம்கூட நல்லா இல்ல. டாக்டர் என்ன சொன்னாரு? அசையக்கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"நான் எங்கடி அசையப் போறேன்?" என்றாள் மேஜர். "வண்டிதான அசையப் போகுது."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஸ்டீயரிங்கைப் பார்த்தார். இந்த வீட்டில் உத்தரவு எங்கிருந்து வரும் என்பது மூன்று பேருக்குமே தெரியும். மகள் உள்ளே போய் ஒரு தலையணை எடுத்துவந்து, அம்மாவின் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் செருகிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

மேஜரின் இதயம் களைத்துப்போயிருந்தது. கால்கள் வீங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய்களை மாட்டினால் இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம், வீட்டில் என்றால் எப்போது வேண்டுமானாலும் என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருக்குத்தான் தயக்கம். மேஜர், "அப்ப வீடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, அவருடைய மேஜைமேல் இருந்த செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

இன்று காலை மாத்திரைகளை விழுங்கிய கையோடு, "வெளிய போலாம். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்று அவள் சொன்னபோது, தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார் கண்ணாடிக்காரர்.

"டாக்சிக்குச் சொல்லட்டுமா?"

"நம்ம வண்டி. நீங்கதான். மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்பி வரணும்."

"மேம்பாலமா?"

"டெஸ்ட்டுன்னா மேடு இல்லாமலா?"

அவர் போய் லைசென்ஸைத் தேடி எடுத்து வந்தார்.

சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் சொல்லத்தான் வேண்டும். கல்யாணமாகி மகளுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில், மேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவர் கார் ஓட்டியது ஒரே ஒரு தடவை. அவருக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. லைசென்ஸ் இருக்கிறது. தனியாகக் கடைக்கு ஓட்டிப் போவார், மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், மழையில் தவிக்கும் அண்டை வீட்டாரையெல்லாம் ஏற்றி இறக்குவார். மேஜர் லீவில் வந்து இறங்கியதும் சாவி கை மாறிவிடும். மறுபடி அவள் ரயிலேறும்வரை அவர் பயணி.

அந்த ஒரு தடவைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கல்யாணமான புதிது. மேம்பாலத்து மேட்டில், பாதி ஏற்றத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது. முன்னால் இருந்தவை நகர்ந்ததும் இவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் முன்னே போகவேண்டியது, ஏதோ மரியாதை தெரிந்த பிள்ளைபோல மெல்லப் பின்னால் நகர்ந்து, பின்னால் நின்ற ஜீப்பின் மூக்கில் போய் முட்டியது. யாரோ ஒருத்தருடைய ஜீப் என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். அது அவளுடைய கர்னலின் ஜீப். கர்னலும் உள்ளேதான் இருந்தார்.

மேஜர் அப்போது லெப்டினன்ட். இறங்கினாள், விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள். பிறகு புருஷன் பக்கம் வந்து, உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டினாள். பேச்சே இல்லை. அவர் சாவியை அந்தக் கையில் வைத்துவிட்டு, மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் வேலை பார்த்தது ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவில். லாரிகள், டேங்கர்கள், அவற்றை ஓட்டும் ஆட்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்து, சோதித்து, தேர்வானவனைச் சாலைக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. சோதனை முடிந்து வண்டி நின்றதும் பாஸ், பெயில் என்றெல்லாம் சொல்லமாட்டாள். வாயே திறக்கமாட்டாள். கையை நீட்டினால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும், அவ்வளவுதான், இன்னும் கற்றுக்கொண்டு வா என்று அர்த்தம். கையை நீட்டாமல் இறங்கிப் போனால் சாவி அவனுக்கு, வண்டியும் அவனுக்கு. பெரிய பெரிய மீசைக்காரர்களெல்லாம் அவள் கை மடியை விட்டு எழுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வியர்த்துக் கொட்டுவார்களாம்.

கண்ணாடிக்காரர் அன்றைக்கு பெயில். இன்றுவரை பெயில். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. ஆனால் மனசின் ஒரு மூலையில், அந்தக் கை நீளாமல் மடியிலேயே கிடப்பதை ஒரு தடவையாவது பார்த்துவிடவேண்டும் என்று இருந்தது. அவள் போவதற்கு முன்னால். இன்று அதற்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, அவரோ கிளட்சை மிதித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

"முதல் கியர்ல வண்டி தானா விழாது. போடணும்" என்றாள் மேஜர்.

போட்டார். கார் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

நல்ல வெயில், ஆனால் சுடாத வெயில். தெருவில் அறிந்தவர்கள் கை காட்டினார்கள். சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்தார். மேஜர் வீட்டுக்காரர் ஓட்ட, மேஜர் பக்கத்தில் உட்கார்ந்து போவதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. மேஜர் கடைக்காரருக்கு ஒரு சல்யூட் வைத்தாள். சட்டை தேய்த்துக் கொடுத்ததற்கு நன்றி சொல்வதுபோல இருந்தது.

"உங்க கடை" என்றாள் முனையில் திரும்பும்போது.

இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். இருந்தாலும் அவளுக்கு அது அவர் கடைதான், அங்கே நடந்ததை அவள் மறக்கவுமில்லை, அவரை மறக்க விட்டதுமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், கண் பரிசோதனைக்கென்று ஒரு லாரி நிறைய டிரைவர்களைக் கொண்டுவந்து கடைவாசலில் இறக்கினாள். கண்ணாடிக்காரர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். எல்லோரும் பிரமாதமாகப் படித்தார்கள். இப்படிப்பட்ட கண்களை நான் பார்த்ததே இல்லை, ராணுவம் என்றால் ராணுவம்தான் என்று அவர் அவளிடம் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார். கடைசியாக ஒருவன் வந்து நின்றான். அவன் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்துபோய்த் தன் தொப்பியைக் கழற்றி அட்டையின்மேல் மாட்டினாள். அவன் நிறுத்தவில்லை. தொப்பியைப் பார்த்தபடியே கடைசி வரிவரை கடகடவென்று படித்து முடித்து, "சரியா சார்?" என்றான்.

முதலில் போனவன் வெளியே வந்து எழுத்துகளைச் சொல்ல, வரிசையில் நின்ற அத்தனை பேரும் நெட்டுருப் போட்டிருந்தார்கள்.

"உங்ககிட்ட எத்தன அட்டை இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான் மேடம்."

"கண்ணாடிக்காரரே, இந்தக் கடையில கண்ணு தெரியாதது உங்களுக்கு மட்டும்தான்."

அவர் அசடு வழிந்தார். மறுவாரம் நாலைந்து புது அட்டை அச்சடித்து, அதைக் காட்டுகிற சாக்கில் அவள் அலுவலகத்துக்குப் போனார். பிறகு சாக்கே இல்லாமலும் போனார். அந்தக் கடைசி ஆளுக்கு அவர் கையாலேயே கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அவனுக்கு மனப்பாடம் என்று பெயர் விழுந்தது. கண் தெரிய ஆரம்பித்ததும் மனப்பாடம் அவளுடைய கம்பெனியிலேயே முதல்தரமான டிரைவர் ஆகிவிட்டான். இப்போது அவனும் கிழவன், பக்கத்து ஊரில் பேரன்களோடு இருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாற்ற என்று வந்து, மேஜரோடு டீ குடித்துவிட்டு, கண்ணாடி மாற்றாமல் போவான்.

"சிரிக்காதீங்க, ரோட்டப் பாருங்க" என்றாள்.

"நீதான சிரிச்ச."

"நான் சிரிக்கலாம். நான் ஓட்டல."

மேம்பாலம் கண்ணில் பட்டது. முன்னால் ஒரு பேருந்து, அதற்கு முன்னால் மரம் ஏற்றிய லாரி. நிற்கக்கூடாது, நிற்கக்கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டே ஏறினார். இந்த மாதிரி வேண்டுதல்கள் எங்கே பலித்திருக்கின்றன? சரியாகப் பாதி மேட்டில் லாரி முக்கி முனகி நின்றது. பேருந்து நின்றது. இவரும் நின்றார்.

கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஒட்டிக்கொண்டு பளபளவென்று ஒரு புதுக் கார்.

"கர்னலா?" என்றாள் மேஜர், திரும்பிப் பார்க்காமல்.

"இல்ல. யாரோ சின்னப் பொண்ணு. புது வண்டி."

"அப்ப இன்னும் மோசம். கர்னலாவது சும்மா விட்டாரு."

அவருடைய கண் தானாகவே அவள் கால்பக்கம் போனது. யார் ஓட்டினாலும், பக்கத்தில் மேஜர் உட்கார்ந்தால் அவள் கால் அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதிக்கும். மகளுடைய காரில் பின்சீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட முன்சீட்டின் முதுகை மிதித்துக்கொண்டே போவாள். மகள், "அம்மா, எனக்கு இடுப்பு வலி வந்தா உன்னாலதான்" என்று கத்துவாள். இப்போது வீங்கிய அந்தக் கால்கள் விரிப்பின்மேல் தளர்ந்து கிடந்தன. மிதிக்கவில்லை.

முன்னால் புகை கிளம்பியது. பேருந்து நகர்ந்தது. பின்னால் இருந்த பெண் ஒரு ஹாரன் அடித்தாள்.

கைப்பிரேக்கைப் பிடித்தபடியே கிளட்சை மெல்ல விட்டார். எஞ்சின் சத்தம் மாறுகிற இடம் வந்தது. தனியாக ஓட்டும்போது ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான், இன்றைக்கு யாரோ காதுக்குள் உட்கார்ந்து சொல்வதுபோலக் கேட்டது. ஆக்சிலேட்டரைக் கொடுத்தார், கைப்பிரேக்கை இறக்கினார். கார் ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் முன்னே ஏறியது.

அவருக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல இரண்டாவது கியரைப் போட்டார். மேஜரும் ஒன்றும் சொல்லவில்லை. சோதனையில் அவள் பேசமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும், இருந்தாலும் காது அந்தப் பக்கமே நின்றது.

பாலத்தின் உச்சியில் ஆறு தெரிந்தது. கரை தெரிய, நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. மேஜர் ஜன்னலை இறக்கச் சொன்னாள். காற்று அவளுடைய குட்டையான வெள்ளை முடியைக் கலைத்தது.

"அந்த வெள்ளத்தப்ப எனக்கு பயமா இருந்துச்சு" என்றாள் திடீரென்று.

எந்த வெள்ளம் என்று அவர் கேட்கவில்லை. மனப்பாடம் டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லுகிற வெள்ளம். சாலை தண்ணீருக்கடியில் போய்விட்டது. அக்கரையில் சனம் பட்டினி கிடந்தது. சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் டிரைவர்கள் மிரண்டு நிற்க, மேஜர் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் முன்னால் நடக்க, லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் நடந்த தடத்திலேயே உருண்டு வந்தன. முதல் லாரி மனப்பாடத்துடையது. அவன் சொல்லும்போதெல்லாம் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், போனதடவை அவள் கழுத்துவரை வந்துவிட்டது. மேஜர் இதைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததே இல்லை.

"நீயா பயந்த?"

"பின்ன? தண்ணி இழுக்குது. பின்னால மலை மாதிரி லாரி வருது. அவன் கால் கொஞ்சம் வழுக்கினா நான் சக்கரத்துக்கு அடியில."

"அப்பறம்?"

"திரும்பியே பாக்கல. திரும்பிப் பாத்தா அவனுக்கு பயம் வந்துடும். எஞ்சின் சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டே நடந்தேன். சத்தம் சரியா இருந்தா ஓட்டறவன் சரியா இருக்கான்னு அர்த்தம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அத விட நிம்மதியா நான் என்னைக்கும் நடந்ததில்ல, கண்ணாடி. வேடிக்கையா இல்ல?"

பாலம் இறங்கி, ஆற்றங்கரைச் சாலையில் ஒரு பெரிய வட்டம் அடித்து, மறுபடி பாலத்தை நோக்கித் திரும்பினார். இந்த முறை யாரும் நிற்கவைக்கவில்லை.

"உனக்கு கர்னல் ஆகலன்னு வருத்தமே இல்லையா?" என்று கேட்டார். பல வருஷமாகக் கேட்க நினைத்தது. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டுபேர் அவளைத் தாண்டி மேலே போனார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு அவள் லீவில் இருந்தாள். காரைக் கழுவினாள். டயர்களைக்கூடப் பல் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார், இருவரும் சேர்ந்து காரைத் துடைத்தார்கள்.

"அன்னைக்கு இருந்துச்சு. வண்டிய கழுவி முடிச்சதும் போயிடுச்சு" என்றாள். "மேஜர்னு கூப்பிட்டுப் பழகிட்டீங்க. கர்னல்னு மாத்தச் சொன்னா உங்க நாக்கு சுளுக்கிக்கும்."

"நான் சமாளிச்சிருப்பேன்."

"எனக்கு வேற எதுவும் வேண்டியிருக்கல. நல்ல வண்டிங்க ஓட்டினேன். நல்ல பசங்க கிடைச்சாங்க. வீட்டுக்கு வந்தா நீங்க ரெண்டு பேரும் இருந்தீங்க. பாப்பா அந்தப் படம் வரைஞ்சது ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா? பள்ளிக்கூடத்தில் குடும்பத்தை வரையச் சொன்னார்களாம். மகள் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அப்பாவை வரைந்தாள், இரட்டைப் பின்னலோடு தன்னை வரைந்தாள், பக்கத்தில் ஒரு லாரியை வரைந்தாள். டீச்சர் பதறிப்போய் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்து, "சரியாத்தாங்க வரைஞ்சிருக்கா. பின்னல்தான் ஒண்ணு கோணல், அது நான் போட்டது, அப்படித்தான் இருக்கும்" என்றார். அந்தப் படம் மேஜரின் பெட்டிக்குள் எல்லா ஊருக்கும் போய்வந்தது. யாராவது வந்து பார்த்தால் அவள் பெருமையாக லாரியைக் காட்டி, "இது நான்" என்பாள்.

"நான் ரொம்ப நல்லா இருந்துட்டேன், கண்ணாடி."

அவள் இதை டயரில் காற்று சரியாக இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அவருக்குத்தான் கண் மங்கியது. ஓட்டும்போது கண் மங்கினால் என்ன செய்யவேண்டும் என்பதற்கும் அவளிடம் ஒரு விதி இருந்தது, வேகத்தைக் குறைக்கவேண்டும். குறைத்தார்.

கடைத்தெரு தாண்டியதும் அவள் கண்களை மூடியிருப்பதைக் கவனித்தார்.

"தூங்கறியா?"

"இல்ல. கண்ண மூடிக்கிட்டு இருக்கேன். ரெண்டும் வேற."

வேறுதான். முன்சீட்டில் உட்கார்கிறவர் தூங்கவே கூடாது என்பது மேஜரின் விதிகளிலேயே முதல் விதி. பக்கத்தில் இருப்பவர் கண் அசந்தால் ஓட்டுகிறவருக்கும் அசரும். புது மாப்பிள்ளையாக இருந்தபோது ஒரு நீண்ட பயணத்தில் அவள் பக்கத்திலேயே அவர் குறட்டைவிட, வண்டியை ஓரம் கட்டி, எழுப்பி, பின்சீட்டுக்கு மாற்றிவிட்டாள். "கல்யாணம் வேற, கான்வாய் வேற" என்று வியாக்கியானம் வேறு. அவள் மட்டும் எந்த வண்டியிலும் முன்சீட்டில் தூங்கியதில்லை. ராத்திரி பகலாக மலைச்சாலையில் வந்த நாட்களிலும் இல்லை.

கொஞ்ச தூரம் போனார்கள்.

"கண்ணாடி."

"சொல்லு."

"முன்சீட்டுல தூங்கணும்னா டிரைவர்கிட்ட அனுமதி கேக்கணும். தெரியுமா?"

"அப்படி ஒரு விதி இருக்கறதா நீ சொன்னதே இல்லையே."

"இப்பதான் போட்டேன்." கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "கேக்கறேன். தூங்கிக்கட்டுமா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அனுமதி உண்டு, மேஜர்."

"வண்டி சத்தம் சரியா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவர் ரேடியோவைப் போடவில்லை, பேச்சுக் கொடுக்கவில்லை. பள்ளம் மேடு பார்த்து, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஓட்டினார். சிவப்பு விளக்குகளில் கார் நின்றதே தெரியாதபடி நிறுத்தினார். சலவைக் கடைக்காரர் இந்தமுறை குரல் கொடுக்க வாயெடுத்தவர், உள்ளே பார்த்துவிட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. அவர்கள் வீட்டில் வண்டி மூக்கை உள்ளே நுழைத்து நின்றதில்லை. எப்போதும் பின்புறமாக உள்ளே போய், மூக்கு தெருவைப் பார்க்க நிற்கவேண்டும். அவசரமென்றால் அந்த நேரத்தில் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஒரே வீச்சில் கிளம்பவேண்டும் என்பாள். வீட்டில் செருப்புகள்கூட அப்படித்தான் நிற்கும். தனியாக வருகிற நாட்களில் அவர் இதற்கு மூன்று தடவை முன்னே போய்ப் பின்னே வருவார். மகள் நிறுத்தினால் மேஜர் பின்னால் நின்று, வா, வா, நிறுத்து என்று தெரு முழுக்கக் கேட்கக் குரல் கொடுப்பாள்.

அவளை எழுப்பிவிடக் கூடாது என்ற ஒரே கவலையில் அவர் மற்ற பயங்களை மறந்துபோனார். கண்ணாடியைப் பார்த்தார், வளைத்தார், விட்டார். இரண்டு தூண்களுக்கும் நடுவில், ஒரே தடவையில், பட்டுத்துணி மடிப்பதுபோலக் கார் உள்ளே போய் நின்றது. எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார்.

உருவிவிட்டு, இத்தனை வருஷமாகக் காத்திருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவள் கைகள் மடியில் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்று, உள்ளங்கை கீழே பார்க்க. நீளவில்லை.

அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. இன்னும் கொஞ்சம் பார்த்தார். அப்போதும் நீளவில்லை.

"மேஜர்" என்றார் மெல்ல. "வீடு வந்தாச்சு."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்த மனுஷர். அவள் இமையைத் தூக்கிப் பார்க்க அவர் கை போகவில்லை. கதவையும் திறக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அனுமதி கொடுத்தது அவர்தானே.

கார் வந்த சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். ஜன்னல்வழியே அப்பாவைப் பார்த்து, "ஒரே தடவையில நிறுத்திட்டீங்களே! என்ன, பாஸா பெயிலா?" என்று சிரித்தாள்.

அவர் உள்ளங்கையை விரித்துச் சாவியைக் காட்டினார்.

"அட! அம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. தூங்கறா."

"தூங்கறாளா?" என்றாள் மகள். அவள் சிரிப்பு மெல்ல நின்றது. "முன்சீட்டுலயா?"

*

மறுநாள் காலையில் வீடு நிறைய ஆள். பெரும்பாலும் டிரைவர்கள். ஓய்வுபெற்றவர்கள், இன்னும் வேலையில் இருப்பவர்கள், அவளைப் பல தடவை கையை நீட்டவைத்துக் கடைசியில் ஒருநாள் தப்பித்தவர்கள். தெரு நெடுக அவர்கள் வந்த வண்டிகள் நின்றன, ஒன்றுவிடாமல் எல்லாம் புறப்பாட்டுக்குத் தயாராக மூக்கை வெளியே வைத்து நின்றன. தெருவுக்குள் வந்த ஒரு பால்காரர் இது என்ன அதிசயம் என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

உள்ளே மேஜர் சீருடையில் இருந்தாள். மகள்தான் உடுத்திவிட்டாள். அழுதாள், நடுநடுவே சிரித்தாள், பித்தளைப் பொத்தான்களைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்தாள். கண்ணாடிக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்கள் சொல்லுகிற கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளம் இப்போது மேஜரின் தலைக்கு மேலே போய்விட்டது. அவர் திருத்தவில்லை.

ராணுவத்திலிருந்து வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அது உள்ளே வர, வாசலில் நிற்கும் காரை எடுக்கவேண்டும். மனப்பாடம் எழுந்து வந்தான். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சிவந்திருந்தன.

"சாவியக் குடுங்க சார், நான் எடுத்து ஓரமா விடறேன்" என்று கையை நீட்டினான்.

கண்ணாடிக்காரர் அந்த நீட்டிய கையைப் பார்த்தார். சட்டைப் பையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"இல்லப்பா. நானே எடுக்கறேன்."

"இந்த நேரத்துல நீங்க எதுக்கு சார்..." என்று சொல்லிக்கொண்டே வந்த மனப்பாடம் வாசலில் நின்றான். இரண்டு தூண்களுக்கு நடுவில் கோடு போட்டதுபோல நின்ற காரைப் பார்த்தான். சக்கரங்களைப் பார்த்தான். "நேத்து மேடம் நிறுத்தினதா?"

"நான்தான்."

"மேடம் பக்கத்துல இருந்தாங்களா?"

"இருந்தா."

மனப்பாடம் நீட்டியிருந்த கையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டான். பிறகு ஒதுங்கி, நிமிர்ந்து நின்று, வழி விட்டான்.

அவர் காரில் ஏறி உட்கார்ந்தார். முன்சீட்டு அவள் சாய்ந்திருந்தபடியே பின்னால் சரிந்திருந்தது, மகள் செருகிய தலையணை அதில் இருந்தது. அதை அவர் தொடவில்லை. சாவியைப் போட்டுத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

பிறகு, முன்னால்தானே போகப்போகிறோம் என்றாலும், கண்ணாடியைப் பார்த்தார்.